தூணுக்குப் பின்னால் ஒரு பைக்

பைக் ஓட்டுகிறவன் கார் வாங்கப் போனால் விற்பனையாளர் கொஞ்சம் குழம்பித்தான் போவார். திரை எத்தனை அங்குலம், பின்னிருக்கை மடங்குமா, பிள்ளையின் தள்ளுவண்டி பூட்டுக்குள் நுழையுமா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவர் அவர். வந்தவனோ வண்டி என்ன எடை என்று கேட்பான். கையால் கியர் போடுகிற மாடல் வருமா என்பான். இல்லை என்றதும் முகம் தொங்கிவிடும். இஞ்சினை ஒருதடவை முறுக்கிக் காட்டச் சொல்வான். கடைசியில் விலையைக் கேட்டுவிட்டு, 'வீட்ல பேசிட்டு வரேங்க' என்று நழுவுவான்.

கடந்த ஏழெட்டு வருடங்களில் எனக்குத் தெரிந்த சிங்கப்பூர்த் தமிழ் பைக்காரர்கள் பத்துப் பேராவது கார் வாங்கியிருக்கிறார்கள். அவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். காருக்குள்ளும் பைக்கைத் தேடுகிறவர்கள் ஒரு வகை. பைக்கில் கற்றுக்கொண்ட பயத்தைக் காருக்குள் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை கலகலப்பானது, அதைப் பற்றிப் பேச ஆளுண்டு. இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. நான் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

2008-இல் நான் துவாஸ் கப்பல் பட்டறை ஒன்றில் வேலைக்கு வந்தபோது ரயில் பூன் லேயோடு நின்றுவிடும். அங்கிருந்து 192 பேருந்து, இல்லையென்றால் கம்பெனி வண்டி. அடுத்த வருடம் ஜூ கூன் வரை தண்டவாளம் நீண்டது. துவாஸ் லிங்க் நிலையம் வர 2017 ஜூன் ஆனது. வந்த பிறகும் நிலையத்திலிருந்து பட்டறை வாசல் வரை போக இன்னொரு வண்டி வேண்டும். துவாஸின் தெருக்கள் மனிதர் நடப்பதற்காகப் போட்டவை அல்ல. ஒரு தொழிற்சாலை மதில் முடிய அரை கிலோமீட்டர், அதற்கப்புறம் அடுத்த மதில். அங்கே வேலை பார்க்கிறவனுக்கு பைக் வேண்டியிருந்தது முதலில் ஆசையால் அல்ல, தூரத்தால். ஆசை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சிங்கப்பூரில் பைக் உரிமம் படிப்படியாகத்தான் கிடைக்கும். 200 சிசி வரை 2பி. ஒரு வருடம் கழித்து 400 வரை 2ஏ. அதற்கு இன்னொரு வருடம் கழித்து எல்லையில்லாத வகுப்பு 2. ஊரில் மாமாவின் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ லைசென்ஸ் இல்லாத வயதிலேயே ஓட்டியவனுக்கு இது முதலில் கேலியாகத் தெரிந்தது. பள்ளித் திடலில் குறுகலான பலகை மேல் மெதுவாக வண்டியை நகர்த்திக் காட்டச் சொன்னபோது கேலி அடங்கிவிட்டது. வேகமாகப் போக யாராலும் முடியும், மெதுவாகப் போவதுதான் வித்தை.

முதல் வண்டி பஜாஜ் பல்சர் 200என்எஸ். வெளிநாட்டுக்கு வந்து இந்திய வண்டி வாங்குவதா என்று நண்பர்கள் சிரித்தார்கள். 2பி வகுப்பில் அதைவிடக் காசுக்கு மதிப்புள்ள வண்டி எனக்குத் தெரியவில்லை. அதை விற்றுவிட்டு வாங்கியது பழைய ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். சிங்கப்பூரில் 2ஏ என்றாலே பலருக்கும் மனதில் வருவது அதுதான். நாலு சிலிண்டர். குறைந்த சுற்றில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான் வேலை செய்யும், ஒரு கட்டத்துக்கு மேல் நாலும் திறக்கும். அந்த நொடியில் சத்தம் மாறும். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் விடிகாலை ஐந்தரைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவன், பிறகு எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் காதால்தான் முதலில் அளப்பான்.

காருக்குள்ளும் பைக்கைத் தேடும் பழக்கத்துக்கு நல்ல வம்சாவளி உண்டு. இன்று கார் கம்பெனி என்று நாம் நினைக்கிற சில, இரண்டு சக்கரத்தில் நடை பழகியவை. பிஎம்டபிள்யூ தன் முதல் மோட்டார் சைக்கிளான ஆர்32-ஐ 1923-இல் கொண்டுவந்தது. காருக்குள் நுழைந்தது 1928-இல், ஐசனாக் நகரத்துத் தொழிற்சாலையை வாங்கிய பிறகு. தறி செய்துகொண்டிருந்த சுசுகி, 1952-இல் சைக்கிளில் மாட்டும் இஞ்சின் செய்தது. 1955-இல் சுசுலைட் என்ற குட்டிக் கார். அந்தக் குட்டிக் கார் மரபின் வழியில்தான் 1983-இல் நம் ஊருக்கு மாருதி 800 வந்தது. ஹோண்டாவின் முதல் பயணிகள் கார் 1963-இல் வந்த எஸ்500. 531 சிசி, நாலு சிலிண்டர், 8,000 சுற்றில்தான் முழுச் சக்தி. பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தி போனது தனித்தனி செயின் வழியாக. பைக் செய்தவர்கள் கார் செய்ய உட்கார்ந்தால் கை தானாகச் செயினைத் தேடும் போலிருக்கிறது.

ஓட்டுகிறவர்களிலும் அப்படி உண்டு. மோட்டார் சைக்கிளிலும் ஃபார்முலா ஒன்னிலும் உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதர் ஜான் சர்ட்டீஸ். 500 சிசி பைக்கில் நாலு தடவை வென்றபின், 1964-இல் ஃபெராரி காரில் பட்டம் வாங்கினார். உடம்பு ஒரு வண்டியில் கற்றது அடுத்த வண்டிக்குப் போகும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே நண்பர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினார். ஏறத்தாழ ஒரு டன் எடை, இரண்டே இருக்கை, திறக்கும் கூரை. குதிரையும் வீரனும் ஒன்றாதல் என்று பொருள்படும் ஜின்பா இட்டாய் என்ற ஜப்பானியச் சொல்லை அந்தக் காரின் தத்துவமாகவே மாஸ்டா சொல்லும். நண்பர் அதை நாலு சக்கர பைக் என்பார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு மளிகை வாங்கப் போனால் பூட்டில் காய்கறியோடு இடம் தீர்ந்துவிடும், அரிசிப் பை அவர் மனைவி மடியில். 'குதிரையும் வீரனும் சரி, நான் எதுல சேத்தி?' என்று அந்த அக்கா ஒருநாள் கேட்டார். நண்பரிடம் இன்றுவரை பதில் இல்லை.

எனக்கும் முதலில் அதே பாதைதான். மனதில் இருந்தது சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1.4 லிட்டர் டர்போ, கைக் கியரில் ஒரு டன்னுக்கும் குறைவான எடை. பைக்காரன் சேமித்து வைத்திருக்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு அதனிடம் பதில் உண்டு. இங்கேதான் சிங்கப்பூர் குறுக்கே வருகிறது.

சிங்கப்பூருக்கு வெளியே வாசிப்பவர்களுக்காக: இங்கே வண்டி வாங்க முதலில் அதை வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ், பேச்சில் சிஓஇ. 1990-இல் வந்த ஏற்பாடு. மாதம் இரண்டு ஏலம், பத்து வருட ஆயுள். 1,600 சிசிக்கும் 130 குதிரைத்திறனுக்கும் உட்பட்ட கார்கள் ஏ பிரிவு. இரண்டில் ஒன்று தாண்டினாலும் பி பிரிவு. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இஞ்சினில் சிறியது, குதிரையில் எட்டுப் பத்து கூடுதல். ஆகவே சொகுசுக் கார்களோடு ஒரே வரிசை. 2023 அக்டோபரில் ஏ பிரிவு 106,000 வெள்ளிக்குப் போனது, பி பிரிவு 150,000-ஐத் தொட்டது. இது சீட்டுக்கு மட்டும். கார் தனி, வரி தனி. இதே ஏலத்தில் 2008 நவம்பரில் ஏ பிரிவு இரண்டு வெள்ளிக்கு முடிந்திருக்கிறது. நான் வந்து இறங்கிய வருடம். கையில் அப்போது இரண்டு வெள்ளி இருந்தது, கார்தான் இல்லை.

பைக்குக்கும் இதே கதைதான். 2022 கடைசியில் பைக் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டியது. புது பல்சரின் விலையைவிட அதை வைத்துக்கொள்ளும் உரிமையின் விலை அதிகம். அப்போதும் பைக்கைத்தான் விரும்பினேன். கார் தேவைப்பட்டது எனக்கு அல்ல, மகளுக்கு.

ஊரில் ஒரு குடும்பம் ஒரு ஸ்ப்ளெண்டரில் போகும். டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, பின்னால் அம்மா, அம்மா கையில் கட்டைப்பை. அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சிங்கப்பூரில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பைக்கின் பின்னால் ஏற்றக்கூடாது என்பது சட்டம். மகளுக்கு அப்போது நாலு வயது. இன்னும் ஆறு வருடம் அவளுக்கும் என் வண்டிக்கும் சம்பந்தமில்லை. இரவில் காய்ச்சல் என்றால் வாடகைக் காரை அழைக்க வேண்டும், மழை பெய்தால் அதன் கட்டணம் ஏறும். 'உங்க ஹெல்மெட்டுக்கு இருக்கிற எடத்துல கால்வாசி எங்களுக்கும் குடுங்க' என்று மனைவி சொன்னபோது வாதாட ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் அண்ணனுக்கு அடிபட்டது.

அவர் எங்கள் பட்டறையில் வெல்டிங் போர்மன், மலேசியத் தமிழர். கேலாங் பாத்தா பக்கம் வீடு. 1998-இல் திறந்த இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாக தினமும் காலையில் வந்து இரவில் திரும்புவார். யமஹா 135எல்சி. அவர்கள் அதைக் கப்சாய் என்பார்கள், மெல்லிய உடம்பும் கால் கியரும் உள்ள சின்ன வண்டி. கப்சாயில் தினம் பாலம் தாண்டும் பல ஆயிரம் பேரில் அவரும் ஒருவர். இருபது வருடத்தில் ஒரு சம்மன்கூட வாங்காதவர். மழை வந்தால் பிடிவாதமாக ஓட்டமாட்டார். விரைவுச்சாலைப் பாலங்களுக்கு அடியில் பைக்காரர்கள் ஒதுங்கவென்றே விட்டிருக்கிற இடத்தில் நின்று, 'தம்பி, இன்னிக்கு லேட்டுதான், போஸ் கேட்டா சொல்லிடு' என்று போன் போடுவார்.

மழை இல்லாத ஒரு காலையில், துவாஸின் நேரான சாலை ஒன்றில் அவர் வந்துகொண்டிருக்கையில், ஒரு தொழிற்சாலை வாசலிலிருந்து கார் வெளியே வந்தது. ஓட்டியவர் வலப்பக்கம் பார்த்தார், காலி என்று நினைத்து எடுத்தார். அண்ணனுக்கு இடது காலில் இரண்டு முறிவு, நாலு மாதம் படுக்கை. கார்க்காரர் ஓடிவந்து தூக்கினாராம். திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாராம்: பார்த்தேன், ஆனால் நீங்கள் அங்கே இல்லை. மருத்துவமனையில் அண்ணன் இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. 'அந்தாளு பொய் சொல்லல தம்பி. அவுரு கண்ணுக்கு நான் இல்லதான்.'

அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. தேடிப் படித்தேன். 1981-இல் அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் தலைமையில் வெளியான அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. இன்னொரு வாகனம் சம்பந்தப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில், அந்த வாகனம்தான் பைக்குக்கு உரிய வழியை மறித்திருந்தது. ஓட்டியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம், பார்க்கவில்லை என்பதுதான். சிங்கப்பூரில் வாகனங்களில் ஏழில் ஒன்றுதான் பைக். 2023-இல் சாலையில் இறந்த 136 பேரில் 68 பேர் பைக்கில் இருந்தவர்கள், சரிபாதி.

காணாமல் போவதற்கு மனம் ஒரு காரணம். கார்களையே எதிர்பார்க்கும் கண் கார் இல்லையென்றதும் காலி என்று முடிவு கட்டிவிடும். இன்னொரு காரணம் இரும்பு. முன்கண்ணாடிக்கும் கதவுக் கண்ணாடிக்கும் நடுவே கூரையைத் தாங்கிச் சாய்ந்து நிற்கும் தூண். பட்டறையில் ஏ பில்லர் என்பார்கள். கார் உருண்டால் கூரை நசுங்காமல் காப்பது அது. அந்த வேலைக்காகவும், உள்ளே காற்றுப்பை வைப்பதற்காகவும் தலைமுறைக்குத் தலைமுறை அது தடித்துக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே இருப்பவனைக் காப்பதற்காகத் தடித்த தூண், வெளியே இருப்பவனை மறைக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். தூண் பத்து சென்டிமீட்டர் அகலம், கண்ணிலிருந்து எழுபது சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணுக்கு, இருபது மீட்டர் தள்ளி கிட்டத்தட்ட மூன்று மீட்டர் மறையும். நமக்குக் கண் இரண்டு என்பதால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். அப்படியும் ஒரு மீட்டர் மிச்சம். கப்சாயின் ஹேண்டில்பார் அதைவிடக் குறுகல். மோசமானது என்னவென்றால், காரும் பைக்கும் ஒரே புள்ளியை நோக்கிச் சீரான வேகத்தில் போனால் இருவருக்கும் நடுவே உள்ள கோணம் மாறாது. பைக் தூணுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும், கடைசி நொடி வரை.

அதற்கப்புறம் நான் கார் பார்க்கும் முறை மாறிவிட்டது. இணையத்தில் குதிரைத்திறன் பட்டியல் பார்ப்பதை நிறுத்தினேன். சனிக்கிழமைகளில் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு பழைய கார் விற்கும் இடங்களுக்குப் போனேன். முதல் வேலை, ஓட்டுநர் இருக்கையை என் உயரத்துக்குச் சரிசெய்வது. அடுத்தது, இஞ்சினைக் கிளப்பாமல் உட்கார்ந்து வலப்பக்கம் பார்ப்பது. என் சூப்பர் ஃபோர் ஹெல்மெட்டை மனைவி தலையில் மாட்டிவிட்டு, வண்டிக்கு வலது முன்பக்கமாக வளைந்து நடக்கச் சொன்னேன். எங்கே மறைகிறாள், எத்தனை எட்டு மறைந்தே இருக்கிறாள் என்று எண்ணினேன். விற்பனையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் மட்டும், தானும் பைக் ஓட்டுகிறவர் போலிருக்கிறது, ஒன்றும் கேட்காமல் பக்கத்துக் காரின் சாவியையும் எடுத்துவந்து தந்தார்.

அழகான ஒரு கார். சாய்ந்த கண்ணாடி, தாழ்ந்த கூரை, பார்த்தாலே ஓட்டத் தோன்றும். அதில் உட்கார்ந்திருந்தபோது மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஐந்து மீட்டர் தூரத்தில் முன்னால் ஓடினாள். தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தவள் அந்தப் பக்கம் வரவில்லை. தலையை முன்னால் நீட்டிப் பார்த்தேன். அங்கேயே நின்று செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளையின் தோள் எவ்வளவு அகலம் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று மனைவி கேட்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவளுக்கும் வேர்த்திருந்தது.

கடைசியில் வாங்கியது 2020-க்குப் பின் வந்த ஹோண்டா ஜாஸ். அந்த மாடலில் ஹோண்டா ஒரு காரியம் செய்திருக்கிறது. முன் தூணின் அகலத்தை 116 மில்லிமீட்டரிலிருந்து 55-ஆகக் குறைத்துவிட்டது. கூரையைத் தாங்கும் பாரத்தைப் பின்னால் தள்ளி நிற்கும் இரண்டாவது தூணுக்கு மாற்றிவிட்டு, இரண்டுக்கும் நடுவே பெரிய கண்ணாடி வைத்துவிட்டது. 55 என்ற எண்ணில் ஒரு விசேஷம் உண்டு. நம் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் அறுபது மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தூண் அதைவிடக் குறுகலாக இருந்தால், தூரத்தில் அதன் பின்னால் முழுக்க மறைவது என்று எதுவும் இல்லை. இடது கண்ணுக்குத் தெரியாதது வலது கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தூணும் மறைக்கத்தான் செய்யும். ஆனால் அது பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது, தலையைத் திருப்பினால் அகப்பட்டுவிடும். தலையைத் திருப்பிப் பார்க்கப் பைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நண்பர்கள் சிரித்தார்கள். ஆன்ட்டி கார் என்றார்கள். தப்பில்லை, சந்தைக்குப் போகும் வண்டிதான். கியர் இல்லை, உறுமல் இல்லை, முறுக்கினால் உடம்பில் ஒன்றும் ஓடாது. எம்எக்ஸ்-5 நண்பர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, 'எல்லாம் தெரியுது, ஒண்ணும் தோணலடா' என்றார். சரியான விமர்சனம். பதிலுக்கு நான் அவர் காரின் தூணைக் காட்டவில்லை. கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு போகிறவருக்குக் காதாவது திறந்திருக்கிறது.

பைக்காரன் காருக்குள் கொண்டுபோவது கேள்விகளை மட்டும் அல்ல, பழக்கங்களையும்தான். நெரிசலில் நான் தடத்தின் நடுவில் நிற்பதில்லை. ஒன்றாம் தடத்தில் இருந்தால் வலது ஓரமாக ஒதுங்குவேன், இரண்டாம் தடத்தில் இருந்தால் இடது ஓரமாக. நடுவே பைக் போக ஒரு சந்து கிடைக்கும். சந்திப்பில் பச்சை விழுந்தும் ஒரு நொடி பொறுப்பேன். பெரிய டிரெய்லரின் இடப்பக்க முன்சக்கரத்துக்கு நேரே ஒருபோதும் நிற்கமாட்டேன், காரில் இருந்தாலும்கூட. 2022-இல் துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் கொள்கலன் வண்டிகள் கூடிக்கொண்டே வருகின்றன. 2040-களில் முழுதாக முடியும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளுமாம். அத்தனை வண்டிகளுக்கும் நடுவே கப்சாய்களும் போய்த்தான் ஆகவேண்டும்.

2006-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று, காருக்கும் பைக்குக்கும் நடக்கும் மோதல்களை எடுத்துப் பார்த்தது. பைக் உரிமமும் வைத்திருக்கும் கார் ஓட்டுநர்கள் அவற்றுக்குக் காரணமாக இருப்பது மற்றவர்களைவிடக் குறைவு என்று அது சொன்னது. பைக்காரர்கள் நல்லவர்கள் என்பது இதற்கு அர்த்தம் இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒருகாலத்தில் தானே நின்ற இடம் அது.

கார் வாங்குவதைப் பற்றிய எல்லாப் பேச்சும் உள்ளே இருப்பவனைப் பற்றியதுதான். உனக்குச் சொகுசா, உன் குடும்பத்துக்குப் பாதுகாப்பா, உன் சம்பளத்துக்குக் கட்டுமா, உன் அந்தஸ்துக்குப் பொருந்துமா. விளம்பரத்தில் வெளியே மனிதர்களே இருக்கமாட்டார்கள். மலை, கடல், காலியான சாலை. துவாஸில் காலியான சாலை கிடையாது. காலை ஆறரைக்கு லாரியின் பின்தட்டில் நம் ஆட்கள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகிறார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன். பக்கத்தில் சைக்கிள் போகிறது, கப்சாய் போகிறது. அந்தச் சாலையில் ஓட்டப்போகும் காருக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்குள் இருந்து யாரெல்லாம் தெரிவார்கள் என்பதுதான். அது பைக்கில் இருந்தபோது நான் ஒவ்வொரு காரிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி: நான் உனக்குத் தெரிகிறேனா?

ஜொகூர் அண்ணன் ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினார். பைக்கிலேயேதான். காரில் வந்தால் சோதனைச்சாவடி வரிசையிலேயே பாதி நாள் போய்விடும், சம்பளத்தில் பாதியும் போய்விடும் என்றார். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு அவரை ஜாஸில் கூட்டிப்போனேன். முன்னிருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வாசலில் நான் நின்று பார்த்துத் திரும்பியபோது, 'நல்லா வெளிச்சமா இருக்கு தம்பி' என்றார். பிறகு தே தாரே விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

சூப்பர் ஃபோரை விற்கவில்லை. ஹோண்டா 2022-இல் அந்த மாடலின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் சிஓஇ சீக்கிரம் முடிகிறது, புதுப்பிக்க மூன்று மாதச் சராசரி விலையைக் கட்ட வேண்டும். கட்டத்தான் போகிறேன். வாரத்துக்கு ஒரு நாளாவது பைக்கில் போகாவிட்டால் காரில் உட்கார்ந்து பார்க்கிற கண் மங்கிவிடும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. விடிகாலையில் நாலு வால்வும் திறக்கிற சத்தம்தான் மீதிப் பாதி என்பது அவளுக்கும் தெரியும்.